உப்பு எங்கே போச்சு?

திருப்பூர்ச் சாயக்கழிவில் ஆராய்ச்சி செய்தவள் என்று சொன்னால், கேட்பவர்கள் அடுத்து விசாரிப்பது நிறத்தைத்தான். ஆறு சிவப்பாக ஓடியதாமே, ஊதாவாக ஓடியதாமே, அந்தச் சாயத்தை எப்படி எடுப்பீர்கள் என்று. படம் பிடிக்க வருபவர்களுக்கும் நிறம் இருந்தால் போதும். உண்மையில் இந்தத் தொழிலில் சுலபமான வேலை நிறத்தை எடுப்பதுதான். ஒரு குடம் சாயத்தண்ணீரில் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரைப் போட்டுக் கலக்கினால் பல சாயங்கள் கண்ணெதிரே வெளுத்துவிடும். வெளுத்ததைப் பார்த்து, தண்ணீர் நல்லதாகிவிட்டது என்று ஏமாறவும் செய்யலாம். என் வேலைக்காலம் முழுக்க எனக்குத் தண்ணி காட்டியது கண்ணுக்குத் தெரியாத சரக்கு: உப்பு.

சாயப்பட்டறையில் உப்புக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பருத்தி தண்ணீரில் நனைந்ததும் லேசான எதிர்மின்னேற்றம் கொள்ளும். பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்னேற்றம்தான். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலகலை அடக்கிச் சாயத்தை நூலுக்குள் தள்ளுவதற்காகத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். சாதா உப்பு, இல்லையென்றால் கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட். பிறகு சோடா ஆஷ் போட்டுக் காரத்தை ஏற்றினால் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பில் பூட்டிக்கொள்ளும். அதோடு உப்பின் வேலை முடிந்தது. துணியில் அது தங்குவதில்லை. போட்டதெல்லாம் அலசுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். நடுத்தர ஷேடு ஒன்றுக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு. ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர். ஆக, கிலோ துணிக்கு 480 கிராம். 500 கிலோ லாட் ஒன்று மெஷினை விட்டு இறங்கினால் 240 கிலோ உப்பு கால்வாயில் இறங்குகிறது. நீங்கள் போட்டிருக்கும் டி-சர்ட் 150 கிராம் எடை என்றால், அதன் பெயரில் 70 கிராமுக்கு மேல் உப்பு எங்கோ ஒரு மண்ணிலோ மூட்டையிலோ கிடக்கிறது. கறுப்பு, நேவி புளூ என்றால் இன்னும் கூடும். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பாடப்புத்தகம் இல்லை. ஒரு சாய மாஸ்டர், பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டே, தன் ரெசிப்பி நோட்டைக் காட்டிச் சொன்னார்.

நான் ஆராய்ச்சியில் சேர்ந்த காலத்தில் நொய்யல் என்ற பெயரைச் சொன்னாலே ஒரத்துப்பாளையம் அணையைத்தான் சொல்வார்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டிப் போய், கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் காவிரியில் சேருகிற ஆறு அது. சென்னிமலைக்கு அருகே அதன் குறுக்கே 1992இல் அணை கட்டினார்கள். ஈரோடு, கரூர் பகுதிகளில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருவதற்காகக் கட்டிய அணை. சில வருடங்களில் அது சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. தண்ணீர் திறந்துவிடச் சொல்லி விவசாயிகள் போராடுவதை எல்லா ஊரிலும் பார்த்திருப்போம். இங்கே திறக்காதே என்று போராடினார்கள். நீதிமன்றத்துக்கும் போனார்கள். பாசன வரலாற்றில் இப்படி ஒரு அணை வேறெங்கும் இருந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அணைக்குக் கீழே கிணறு கிணறாகத் தண்ணீர் எடுக்கப் போவோம். கையில் ஈ.சி. மீட்டர் என்று சொல்லும் மின்கடத்துத்திறன் மானி. தண்ணீரில் உப்பு கூடக்கூட மின்சாரம் எளிதில் பாயும். மைக்ரோசீமன்ஸில் வரும் எண்ணை ஏறக்குறைய 0.64ஆல் பெருக்கினால், ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்பது கிடைத்துவிடும். டி.டி.எஸ். என்பது அதுதான். குடிதண்ணீருக்கு 500 வரை நல்லது. வேறு வழியில்லையென்றால் 2,000 வரை சகித்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். ஆலைகள் வெளியேற்றும் கழிவுநீருக்கே வரம்பு 2,100தான். அங்கே பல கிணறுகள் கழிவுநீருக்கான அந்த வரம்பையும் தாண்டியிருந்தன.

கிணற்றுக்காரப் பெரியவர் ஒருவர் நான் மானியை முக்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "மிசினு எதுக்குங்க அம்மிணி? பருப்பு வேகலீன்னா தெரிஞ்சு போச்சு. சோப்புல நொரை வரலீன்னா தெரிஞ்சு போச்சு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சுன்னா அதுக்கு மேல என்ன பரிசோதன?" என்றார். சரியாகத்தான் சொன்னார். பருப்பு வேகாததும் நுரை வராததும் கால்சியம், மக்னீசியத்தின் வேலை. மாட்டின் மூக்கு எதைக் கண்டுபிடிக்கிறது என்று நான் இன்றுவரை அறியேன்.

உப்பு மண்ணுக்குச் செய்கிற கெடுதல் வேறு மாதிரி. களிமண் துகள்களைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து வைத்திருப்பது கால்சியம். சோடியம் ஏறினால் அந்தப் பிடி விட்டுப்போகும். துகள்கள் பிரிந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடும். மேலே ஓடு மாதிரி இறுகும், தண்ணீர் இறங்காது, முளைக்கிற விதை மூச்சுமுட்டும். வைத்தியம் உண்டு. ஜிப்சம் போட்டால் அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தைத் துரத்திவிட்டு இடம் பிடிக்கும். விரட்டிய சோடியத்தை நல்ல தண்ணீர் விட்டு அலசி இறக்க வேண்டும். இதை அந்தப் பெரியவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு அவர் இரண்டு கேள்வி போட்டார். "நல்ல தண்ணி இருந்தா நான் எதுக்குங்க உங்ககிட்டப் பேசிட்டு நிக்கறேன்? சரி, இருக்குதுன்னே வெச்சுக்கலாம். அலசுன உப்பு அப்புறம் எங்கீங்க போகும்?"

எங்கள் துறையில் நிறைபொருள் சமன்பாடு என்று முதல் வருடமே சொல்லித் தருவார்கள். உள்ளே போனது வெளியே வர வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே இருக்க வேண்டும். அவ்வளவுதான். தேர்வில் எல்லோரும் இதில் முழு மதிப்பெண் வாங்குவோம். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும்போது மட்டும் பலருக்கு மறந்துபோகும்.

ஆய்வகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் துறைக்கு நான் எழுத்தில் வைக்கிற ஒரே குறை இது. சாய நீக்க ஆராய்ச்சி என்றால் நம் கல்லூரிகளில் ஒரு பழகிய தடம் இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டை, நிலக்கடலைத் தோல், புளியங்கொட்டை, வேப்பிலை என்று ஏதாவது ஒன்றைக் கரியாக்கு. வாலைவடிநீரில் மெத்திலீன் நீலத்தைக் கரை. கரியைப் போட்டுக் குலுக்கு. தொண்ணூற்றைந்து சதவீதம் நிறம் போய்விட்டது என்று வரைபடம் போடு. லாங்மியூர், பிராயின்ட்லிச் என்று இரண்டு சமன்பாடுகளைப் பொருத்திப் பார். கட்டுரை தயார். இந்தத் தடத்தில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வந்துவிட்டன.

மெத்திலீன் நீலம் நேர்மின்னேற்றம் கொண்டது. இலை, தழை, தோல், தொலி எதன் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. திருப்பூரில் ஓடுவதோ எதிர்மின்னேற்றச் சாயம், அதுவும் பருத்தியிலேயே ஒட்டாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாய்ப் போன பகுதி. கூடவே லிட்டருக்குக் கிராம் கணக்கில் உப்பு, சோடா, சோப்பு, மென்மையாக்கி, பெராக்சைடு மிச்சம். அதில் டர்காய்ஸ் ஷேடு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். செம்பு அணுவை நடுவில் வைத்துக் கட்டிய மூலக்கூறு அது, லேசில் மசியாது. வாலைவடிநீரில் வெற்றி பெற்ற கரி, அசல் கழிவுநீரில் கைவிரித்துவிடும். அப்படியே ஒட்டினாலும், சாயம் குடித்த அந்தக் கரி மூட்டை அப்புறம் எங்கே போகும்? நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு முந்தின பக்கத்திலேயே முடிந்துவிடும். எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் இந்த விஷயத்தில் கறாரானவர். பட்டறையிலிருந்து கேனில் பிடித்து வராத தண்ணீரில் செய்த சோதனையைக் குழுக் கூட்டத்தில் பேசவே விடமாட்டார். அப்போது கோபம் வந்தது. சுத்திகரிப்பு பிளாண்ட் பக்கம் வேலைக்குப் போன பிறகு நன்றி தோன்றியது.

ஆரம்பத்தில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தை வீழ்படிவாக இறக்கினார்கள். கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர் வந்தது. உப்பு மட்டும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, போட்ட ரசாயனத்தால் கூடியதுதான் மிச்சம். அதோடு சேறு. எங்கள் பேச்சில் ஸ்லட்ஜ். கொட்டகை கட்டி மாளாத அளவுக்குச் சேறு. பிறகு ரசாயனத்தைக் குறைத்து நுண்ணுயிர்த் தொட்டிகளுக்கு மாறினார்கள். அதில் வரும் சேறு குறைவு. காயவைத்துச் சிமெண்ட் ஆலைகளின் சூளைக்கு அனுப்பும் வழியும் பின்னாளில் திறந்தது. சேற்றுக்கு அப்படி ஒரு போக்கிடம் கிடைத்தது.

நீதிமன்ற வழக்கு நீண்ட கதை. சுருக்கமாகச் சொல்கிறேன். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்றும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதை உறுதிசெய்தது. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. வேலையாட்கள் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். துணி வெளியூர்களுக்குப் போய்ச் சாயம் ஏறி வந்தது. உப்பும் துணியோடு ஊர் மாறிற்று என்பதை அப்போது அதிகம் பேர் பேசவில்லை.

மறுபடி திறக்க வேண்டுமென்றால் கழிவுநீர் வெளியேற்றம் பூஜ்யம் என்று காட்ட வேண்டும். என் பிழைப்பின் பெரும்பகுதி இந்தப் பூஜ்யத்தைச் சுற்றியே நடந்தது.

பிளாண்டில் எனக்குப் பிடித்த இடம் நுண்ணுயிர்த் தொட்டி. உயிருள்ள பகுதி அது ஒன்றுதான். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த ஆபரேட்டர் ஒருவர் ராத்திரி ஷிப்டில் அதைப் பார்த்துக்கொண்டார். ஆய்வக அறிக்கை வருவதற்குள் அவர் மூக்கும் கண்ணும் முடிவு சொல்லிவிடும். "நொர வெள்ளையாப் பொங்குது மேடம், யாரோ சோப்புத்தண்ணிய மொத்தமாத் தொறந்து விட்டுருக்காய்ங்க" என்பார். போய் விசாரித்தால் ஒரு பட்டறையில் அப்படித்தான் நடந்திருக்கும். நல்ல சேற்றுக்கு மண்வாசம் வரும், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். ஆயிரம் மில்லி கண்ணாடி உருளையில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துச் சேறு எதுவரை படிகிறது என்று பார்ப்பது தினசரி சோதனை. அதில் கோடு எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அவர் உருளையை வைப்பார்.

தீபாவளி, பொங்கலுக்குத் திருப்பூர் காலியாகிவிடும். பட்டறைகள் நின்றால் கழிவுநீர் வராது, நுண்ணுயிர்கள் பட்டினி. ஊர் திரும்பும்வரை அவற்றை உயிரோடு வைத்திருக்க வெல்லம் கரைத்து ஊற்றுவோம், யூரியாவும் டி.ஏ.பி.யும் கொஞ்சம். ரொம்பவும் செத்துப்போனால் சாணியைக் கரைத்து விட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒரு வருடம் தணிக்கைக்கு வந்தவர் ரசீதுகளைப் புரட்டிவிட்டு, "பொங்கல் போனஸோட வெல்லமும் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். தொட்டிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நம்பினாரா தெரியாது, கையெழுத்துப் போட்டார்.

நுண்ணுயிர் சாயத்தைக் கொஞ்சம் உடைக்கும், அசிட்டிக் அமிலத்தைத் தின்னும், மென்மையாக்கியைத் தின்னும். உப்பைத் தின்னுகிற நுண்ணுயிர் கிடையாது. எனவே அடுத்து, மெம்பிரேன் என்னும் சவ்வால் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. முறை. கணக்கை ஒரு லட்சம் லிட்டருக்குப் போடுவோம். லிட்டருக்கு 6 கிராம் என்றால் உள்ளே வருவது 600 கிலோ உப்பு. மெம்பிரேன்களை அடுக்கடுக்காக வைத்து 90,000 லிட்டர் நல்ல தண்ணீரைப் பிரித்துவிடலாம். பட்டறைக்காரர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். லாரித் தண்ணீரைவிட மென்மையான தண்ணீர், சாயமும் நன்றாக ஏறும். மிஞ்சுவது 10,000 லிட்டர் ரிஜெக்ட். அந்த 600 கிலோவும் அதற்குள் இருக்கிறது. லிட்டருக்கு 60 கிராம், கடல்நீரைவிட ஒன்றே முக்கால் மடங்கு கரிப்பு. அதை மேலும் பிழிய முடியாதா என்றால், கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் 27 பார் அளவு. இந்த ரிஜெக்டுக்கு அது 50 பாரை நெருங்கிவிடும். பம்பு தாங்கினாலும் மெம்பிரேன் தாங்காது. சிலிக்காவும் சுண்ணாம்பும் மேலே படிந்து இறுகும். நிறத்தை வெளுக்க யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்து குளோரின் மிஞ்சியிருந்தால், மெம்பிரேன் தொகுதியே தொலைந்தது.

ஆகவே ரிஜெக்டைக் காய்ச்சு என்றார்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இயற்கை வைத்த விலை அது, பேரம் பேச முடியாது. முதல் கலத்தில் எழும் ஆவியை வைத்து இரண்டாவது கலத்தையும், அதன் ஆவியால் மூன்றாவதையும் கொதிக்க வைக்கிற பல்கல ஆவியாக்கி இருக்கிறது. ஒரே அடுப்பில் நாலு பாத்திரம் வேக வைக்கிற சிக்கனம். ஒரு டன் நீராவி செலவில் மூன்று, மூன்றரை டன் தண்ணீரைப் போக்கலாம். அப்படியும் பாய்லருக்கு விறகு லோடு லோடாக வந்து இறங்கும். ஆற்றில் போனது நின்றது, புகைபோக்கியில் கொஞ்சம் போனது. பூஜ்யம் என்ற சொல்லைத் தண்ணீருக்கு மட்டும் எழுதிக்கொண்டோம்.

என் ஆராய்ச்சியின் சாரம் இங்கேதான் தொடங்கியது. காய்ச்சுவானேன்? சாயம் போட உப்புத்தண்ணீர் வேண்டும். நம்மிடம் இருப்பதும் உப்புத்தண்ணீர். அதிலிருக்கும் கடினத்தன்மையையும் நிறத்தையும் எடுத்துவிட்டு அப்படியே சாயத்தொட்டிக்குத் திருப்பி அனுப்பினால் என்ன? இதை யோசித்தவள் நான் மட்டும் இல்லை, பல பேர் ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டிருந்தோம். பெரிய அளவில் முதலில் நடத்திக் காட்டியது அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம். மற்றவர்கள் அதைப் பின்பற்றினார்கள்.

ஆய்வகத்தில் இது எளிது. பீக்கரில் வைத்துச் சாயம் போடும் சின்ன மெஷினில், புது உப்பில் ஒரு துண்டும் மீட்ட உப்புத்தண்ணீரில் ஒரு துண்டும் போட்டு, நிறமானியில் வேறுபாடு ஒன்றுக்குக் கீழே வந்தால் தேறியது. ஆனால் 500 கிலோ லாட்டைப் பணயம் வைக்க எந்த மாஸ்டரும் முன்வரவில்லை. "உங்க தண்ணி நல்லாத்தானுங்க மேடம் இருக்கும். லாட்டு திட்டுத்திட்டா வந்துட்டா, பையர்கிட்ட உங்க ரிப்போர்ட்டையா காட்டறது?" என்றார் ஒருவர். நியாயமான பயம். கால்சியம் மிஞ்சினால் சாயம் திரளும். காரம் மிஞ்சினால் துணி முழுக்கச் சமமாகப் பரவுவதற்கு முன்பே சாயம் பூட்டிக்கொண்டுவிடும். உப்பின் அளவு நாளுக்கு நாள் மாறினால் ஷேடும் மாறும். அவர் கேட்டது உத்தரவாதம்கூட இல்லை, தினமும் ஒரே மாதிரியான தண்ணீர். அதைக் கொடுப்பதற்குத்தான் பாதி உழைப்பு போயிற்று. கறுப்பில் ஆரம்பித்தோம். கறுப்பு எதையும் மன்னிக்கும். பிறகு நேவி, மெரூன். வெளிர் ஷேடுகளுக்கு வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று, சில மாஸ்டர்கள் கடைசிவரை அதற்குப் புது உப்பே வேண்டும் என்றார்கள்.

சோடியம் சல்பேட் பயன்படுத்துகிற பட்டறைகளுக்கு இன்னொரு வசதி. அந்த உப்பு 32 டிகிரிக்குச் சற்று மேலே மிக அதிகமாகக் கரையும், குளிரக் குளிரக் கரைதிறன் சடாரென்று விழுந்துவிடும். ஆவியாக்கியில் அடர்த்தியான தண்ணீரைக் குளிர்வித்தால் படிகமாக இறங்கும். சுழற்றிப் பிழிந்து எடுத்தால் மாஸ்டர் கையில் அள்ளிப் பார்த்து வாங்கிக்கொள்ளும் அளவுக்கு வெள்ளையாக இருக்கும். சாதா உப்புக்கு இந்தக் குணம் இல்லை. அது சூடானாலும் குளிர்ந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கரையும். எந்த உப்பை உள்ளே போடுகிறோம் என்பதே, அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. இதைப் பட்டறைக்காரர்களுக்குப் புரியவைத்ததைத்தான் என் ஆய்வேட்டைவிடப் பெரிய வேலையாக நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு கடைசிக் கலத்தில் ஒரு கசடு மிஞ்சும். சாதா உப்பும் சல்பேட்டும் சிலிக்காவும் உடையாத சாயத்துணுக்குகளும் கலந்து, பழுப்பாக, ஈரம் இழுக்கும் குணத்தோடு இருக்கும். கலப்பு உப்பு என்கிறோம். சாயத்துக்கு ஆகாது. தோல் பதனிடக் கொடுக்கலாமா, செங்கலில் சேர்க்கலாமா என்றெல்லாம் பார்த்தாயிற்று. மண்ணில் புதைத்தால் மழையில் கரைந்து மறுபடி கிணற்றுக்குத்தான் போகும். எனவே மூட்டையில் கட்டிக் கூரைக்கொட்டகையில் அடுக்குகிறார்கள். திருப்பூரைச் சுற்றிய கொட்டகைகளில் ஆயிரக்கணக்கான டன் இப்படிச் சேர்ந்தது. ஐப்பசி மழையில் கொட்டகைத் தரை கசியும், சாக்கு இற்றுப்போகும். மேற்பார்வைக்குப் போகும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது கூரையைத்தான். ஒரத்துப்பாளையத்துப் பெரியவர் கேட்டதற்கு, அந்தக் கொட்டகைகளைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

பூஜ்ய வெளியேற்றம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அது வந்திராவிட்டால் நொய்யல் இன்றும் அணைக்கட்டில் சாயமாகத் தேங்கிக்கொண்டிருக்கும். ஆற்றின் உப்பு குறைந்திருக்கிறது, மீன் பிடிக்கிறார்கள். ஊர்ச் சாக்கடை இன்னும் ஓடுகிறது, அது வேறு சண்டை. மழைக்காலத்து ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள், மறுநாள் காலை பாலத்தடியில் நுரை சொல்லிவிடும். என் தீர்ப்பு இதுதான்: சுத்திகரிப்பு நிலையத்தை இனிமேல் பெரிதாக்கிக்கொண்டே போவதில் லாபம் குறைவு, சாயத்தொட்டியைச் சின்னதாக்குவதில்தான் லாபம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் என்பதை 5 லிட்டராக்கும் மெஷின்கள் வந்துவிட்டன. லிட்டருக்கு அதே 60 கிராம் போட்டாலும் 480 கிராம் 300 ஆகிவிடும். ஆவியாக்கிக்குப் பணம் கொட்டுவதற்கு முன் அந்த மெஷினுக்குக் கொட்டியிருக்கலாம். குறைந்த உப்பில் ஏறும் சாயங்கள் இருக்கின்றன. பருத்தியின் மின்னேற்றத்தையே மாற்றி, உப்பே இல்லாமல் சாயம் ஏற்றும் முறையும் இருக்கிறது. அதற்குப் போடும் வேதிப்பொருளுக்கும் அந்தப் பெரியவரின் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

எனக்குப் பின்னால் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் கடைசியில் ஒரு அட்டவணை சேருங்கள். உள்ளே எத்தனை கிலோ போயிற்று, தண்ணீரில் எத்தனை, சேற்றில் எத்தனை, காற்றில் எத்தனை, எந்த மூட்டையில் எத்தனை. கூட்டுத்தொகை ஒத்துவரவில்லையென்றால் ஒத்துவரவில்லை என்றே எழுதுங்கள்.

நொய்யல் கரையில் கிணறு வைத்திருப்பவர்களுக்கும், அந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இன்னொன்று. பேனா அளவில் ஈ.சி. மீட்டர் இப்போது கடையில் கிடைக்கிறது, பெரிய விலை இல்லை. மாதம் ஒரு முறை, ஒரே கிணற்றில், ஒரே ஆழத்தில் தண்ணீர் எடுத்துப் பாருங்கள். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று கூடுதலாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மீட்டரோடு தரும் திட்டக் கரைசலில் அவ்வப்போது சரிபார்க்கவும் மறக்காதீர்கள். எந்த மாதத்திலிருந்து கிணறு கரிக்கத் தொடங்கியது என்று பிற்பாடு யார் கேட்டாலும், அந்த நோட்டை எடுத்து நீட்டலாம்.